ஐந்தடிப் பாட்டு ஒன்றின் வழியே இலக்கியக் கலைச்சொற்கள்: புதிய வாசகருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியையும் தேர்வையும் விட்டு வெளியே வந்த பிறகு, தாமாக விரும்பிச் சங்கப் பாட்டைப் படிக்க முற்படுபவர்களைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது பாட்டின் கடுமை அன்று. உரைநூலின் முதற்பக்கங்களிலேயே வரிசைகட்டி நிற்கும் கலைச்சொற்களே அவர்களைத் தயங்க வைக்கின்றன. திணை, துறை, கூற்று, முதல், கரு, உரி, உள்ளுறை, இறைச்சி, தளை, தொடை என்று அடுக்கிய பட்டியலைப் பார்த்ததும், இவற்றையெல்லாம் மனத்தில் ஏற்றிக்கொண்ட பின்னரே பாட்டின் பக்கம் போக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பரிந்துரை. சிறிய பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் புரிந்துகொள்ளும் முயற்சியில் எந்த இடத்தில் எந்தச் சொல் தேவைப்படுகிறதோ அந்த இடத்தில் அதைக் கற்றுக்கொண்டால், சொல்லும் தங்கும், பாட்டும் கைக்கு வரும்.

இங்கே எடுத்துக்கொள்வது குறுந்தொகையின் 25ஆம் பாட்டு; பாடியவர் கபிலர். குறுந்தொகை எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகளைக் கொண்டது. அவை நான்கடி முதல் எட்டடி வரையான அளவின. இரண்டு பாட்டுகள் மட்டும் ஒன்பது அடிக்கு நீண்டிருக்கின்றன. புதியவருக்குக் குறுந்தொகை ஏற்றது என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இந்த அளவுதான். ஒரு பாட்டு முழுவதையும் ஒரே பார்வையில் கண்முன் வைத்துக்கொள்ள முடிகிறது.

யாரு மில்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தா ளன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீ ராரல் பார்க்கும்
குருகு முண்டுதான் மணந்த ஞான்றே

பொருள் விளங்காவிட்டாலும் கவலைப்படாமல், இதை இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

முதற்படி: மூலமும் பாடமும்

உரையோ விளக்கமோ இல்லாமல் பாட்டு மட்டும் இருப்பது மூலம். மூலத்தில் ஒரு சொல் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அது அவ்விடத்தின் பாடம். ஒரே இடத்தில் ஓர் ஏடு ஒரு சொல்லையும் மற்றோர் ஏடு வேறு சொல்லையும் தந்தால், அவ்வேறுபாட்டைப் பாடபேதம் என்பர். பாடவேறுபாடு என்றும் சொல்வதுண்டு. ஏடுகளை ஒப்பிட்டு, ஏற்ற பாடத்தைத் தேர்ந்து, மற்றவற்றை அடிக்குறிப்பில் காட்டி அச்சிடுபவர் பதிப்பாசிரியர். குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனும் 1937இல் உ. வே. சாமிநாதையரும் உரையுடன் பதிப்பித்தனர்.

இது ஆராய்ச்சியாளர்களின் வேலை, நமக்கு எதற்கு என்று தோன்றலாம். முதல் அடியின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். மேலே 'கள்வன்' என்று தந்திருக்கிறேன். 'களவன்' என்றும் ஒரு பாடம் உண்டு. 'கள்வன்' என்றால் திருடன். 'களவன்' என்று படிப்பவர்கள், களத்தில் உடனிருந்தவன், அதாவது சான்று என்று பொருள் கூறுவர். பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதுவது பெருவழக்கு என்பதை நினைத்துக்கொண்டால், இரு பாடங்களும் ஒரே எழுத்து வரிசையிலிருந்து பிறக்கக் கூடியவை என்பது விளங்கும். ஒரு புள்ளியை வைத்தால் அவன் திருடன். வைக்காவிட்டால் அவன் சாட்சி. அத்துடன், இருவகையாகப் படித்தாலும் பாட்டு நன்றாகவே பொருள் தருகிறது என்பதுதான் வேடிக்கை. இனி, நல்ல பதிப்பு ஒன்றைத் திறக்கும்போது பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் பாடபேதங்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: பிரித்துப் படித்தல்

மேலே தந்திருக்கும் வடிவம் சீர் பிரித்த வடிவம். அதாவது ஓசைக்கு ஏற்பத் துண்டாக்கியது. பொருளுக்கு ஏற்பச் சொற்களைப் பிரிப்பது வேறு வேலை; அதைச் சந்தி பிரித்தல் அல்லது பதம் பிரித்தல் என்பர். இரண்டு சொற்கள் சேரும்போது இடையில் நிகழும் மாற்றம் புணர்ச்சி, வழக்கில் சந்தி. பிரித்து எழுதினால் பாட்டு இப்படி வரும்:

யாரும் இல்லை; தானே கள்வன்;
தான் அது பொய்ப்பின், யான் எவன் செய்கோ?
தினைத் தாள் அன்ன சிறு பசுங் கால,
ஒழுகு நீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு, தான் மணந்த ஞான்றே.

அரைப்புள்ளியும் வினாக்குறியும் நாம் இட்டவை. ஏட்டில் அவை கிடையா. முதல் அடியில் அந்த அரைப்புள்ளி எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டு 'யாரும் இல்லைதானே' என்று இன்றைய பேச்சுப் பழக்கத்தில் படித்தால், யாரும் இல்லை அல்லவா என்று உறுதி கேட்கும் கேள்வியாக அது மாறிவிடும். பாட்டின் 'தானே' அந்தத் 'தானே' அன்று. அவன் ஒருவன்தான் என்று பிறரிடமிருந்து பிரித்துக்காட்டும் ஏகாரம் அதில் இருக்கிறது. இதனைப் பிரிநிலை ஏகாரம் என்று இலக்கணம் சொல்லும்.

மூன்றாம் படி: சொற்பொருள்

புதியவர்கள் வழுக்கி விழுவது தெரியாத சொற்களில் அன்று; தெரிந்தவை போலத் தோன்றும் சொற்களில்தான். ஞான்று, ஆரல், குருகு ஆகியவை தெரியாதவை என்பதால் அகராதியைத் தேடிப் போகிறோம். ஞான்று என்றால் நாள் அல்லது பொழுது, ஆரல் என்பது விலாங்கைப் போல நீண்டு ஒடுங்கிய ஆற்றுமீன், குருகு என்பது இங்கே நாரை என்று கண்டுகொள்கிறோம். ஆனால் 'எவன்', 'மணந்த' என்ற இரண்டையும் தெரிந்தவையாகக் கருதித் தாண்டிவிடுகிறோம். நானும் முதலில் படித்தபோது 'யான் எவன் செய்கோ' என்பதில் யாரோ ஓர் ஆண்மகனைத் தேடிக்கொண்டிருந்தேன். பழந்தமிழில் 'எவன்' என்பது 'என்ன' என்று பொருள்படும் வினாச்சொல்லாகவும் வரும். 'செய்கு' என்றால் செய்வேன். அதனோடு வினாப் பொருள் தரும் ஓகாரம் சேர்ந்து 'செய்கோ' ஆயிற்று. 'நான் என்ன செய்வேன்?' என்பதுதான் அந்தத் தொடர். அவ்வாறே 'மணந்த' என்பதும் இங்கே திருமணம் செய்துகொண்ட என்று பொருள்படாது. கூடிய, கலந்த என்பதே பொருள். திருமணம் நடந்திருந்தால் இந்தப் பாட்டுக்கே வேலை இல்லை.

காலப்போக்கில் ஒரு சொல்லின் பொருள் விரிந்தும் சுருங்கியும் வேறாகியும் போவதைச் சொற்பொருள் மாற்றம் என்பர். இதற்கு உதவும் கருவிகளில் முதன்மையானது சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி. தமிழ் லெக்சிகன் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒரு சொல்லுக்குப் பல பொருள்களைத் தருவதுடன், அப்பொருளில் அது வந்திருக்கும் நூலின் பெயரையும் அது சுட்டுகிறது. ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும் பொருள்களில் கண்ணில் முதலில் படுவதை எடுத்துக்கொள்ளாமல், பழைய நூலை மேற்கோளாகக் காட்டும் பொருளைத் தேடுங்கள்.

சொற்களுக்கு இடையிலுள்ள இலக்கண உறவையும் இந்தப் படியிலேயே பார்த்துவிடலாம். 'ஒழுகு நீர்' என்பதில் காலம் காட்டும் உறுப்பு மறைந்து நிற்கிறது. ஒழுகிய நீர், ஒழுகுகின்ற நீர், ஒழுகும் நீர் என மூன்றுக்கும் அது இடங்கொடுக்கிறது. இதற்கு வினைத்தொகை என்று பெயர். 'பொய்ப்பின்' என்பது பொய்த்தால் என்னும் நிபந்தனை வினையெச்சம். 'கால' என்பது கால்களை உடைய என்று பொருள்பட்டு, ஓர் அடியைத் தாண்டிச் சென்று 'குருகு' என்ற சொல்லில் முடிகிறது. இந்தத் தாண்டல்தான் அடுத்த படிக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

நான்காம் படி: பொருள்கோளும் பொழிப்பும்

பாட்டில் சொற்கள் நிற்கும் வரிசையும் பொருள் செல்லும் வரிசையும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. சொற்களைப் பொருளுக்கு ஏற்ப எந்த ஒழுங்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கூறுவது பொருள்கோள். தொல்காப்பியம் நான்கு வகையும், பவணந்தி முனிவரின் நன்னூல் எட்டு வகையும் கூறுகின்றன. அந்த எட்டின் பெயர்களையும் இப்போதே கற்க வேண்டாம். ஆற்று நீர் போல நேராக ஓடுவது யாற்றுநீர்ப் பொருள்கோள், பல அடிகளில் கிடக்கும் சொற்களைப் பொருள் இயையும்படி எடுத்துக் கூட்டுவது கொண்டுகூட்டு என்ற இரண்டு மட்டும் தொடக்கத்தில் போதும்.

நம் பாட்டில் கடைசியில் நிற்கும் 'தான் மணந்த ஞான்றே' என்ற தொடரை முதலில் கொண்டுவந்தால் பொருள் தெளிவாகிறது. இப்போது பாட்டின் திரண்ட பொருளை நீங்களே உரைநடையில் எழுதிப் பாருங்கள். அவ்வாறு எழுதுவதற்குப் பொழிப்புரை என்று பெயர். என் பொழிப்பு இது: 'அவன் என்னைக் கூடிய அந்நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, கள்வனாகிய அவன் மட்டுமே இருந்தான். அன்று சொன்னதை அவனே பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினையின் தாளைப் போன்ற சிறிய பசிய கால்களுடன், ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு நாரையும் அங்கே இருந்தது.' உங்கள் பொழிப்பு இதிலிருந்து வேறுபட்டால், எந்தச் சொல்லில் வேறுபடுகிறது என்று தேடுங்கள். ஒருவேளை பிழை என்னுடையதாகவும் இருக்கலாம்.

இந்த நிலையை அடையும் வரை திணை, துறை என்ற சொற்களை நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை. பாட்டு என்ன சொல்கிறது என்று தெரிவதற்கு முன்பே அதைத் திணைப்பெட்டிக்குள் வைத்துவிட்டால், பிறகு பெட்டிதான் கண்ணுக்குத் தெரியும்.

ஐந்தாம் படி: கூற்றும் துறையும்

இது யாருடைய பேச்சு என்ற கேள்விக்கு விடை கூற்று. பாடியவர் கபிலர் என்னும் ஆண். பேசுபவளோ காதலனுக்காகக் காத்திருக்கும் பெண். காதலைப் பாடும் சங்க அகப்பாட்டில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவன், தலைவி, தோழி, வளர்த்த தாயாகிய செவிலி, பெற்ற தாயாகிய நற்றாய், தலைவனின் தோழனாகிய பாங்கன், பரத்தை, கண்டோர் முதலியோருள் ஒருவரைப் பேசவிடுகிறார். அவர்களுக்குப் பெயர் இராது. அன்பின் ஐந்திணையில் ஒருவரைப் பெயர் சுட்டிச் சொல்லுதல் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயரும் ஊரும் போரும் கொடையும் வெளிப்படையாக வருவது புறம். அகத்துக்கும் புறத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்கத்தில் இந்த அளவுக்கு நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்பதைச் சுருக்கிச் சொல்வது துறை. பாட்டின் கீழே ஒரு வாக்கியமாக அது அச்சிடப்பட்டிருக்கும். இந்தப் பாட்டின் துறைக்குறிப்பு, வரைவு நீட்டித்தபோது தலைவி தோழிக்குச் சொன்னது என்கிறது. வரைவு என்றால் ஊரறிய மணம்செய்து கொள்ளுதல். நீட்டித்தல் என்றால் தள்ளிப்போடுதல். ஊரறியாமல் நிகழும் காதல் களவு. மணத்துக்குப் பிந்திய இல்வாழ்க்கை கற்பு. இப்போது 'கள்வன்' என்ற சொல்லைத் திரும்பிப் பாருங்கள். களவில் வந்தவன் ஆதலால் அவன் கள்வன். வரைவைத் தள்ளிப்போட்டு அவள் நலத்தைக் கவர்ந்துகொண்டு நிற்பதாலும் அவன் கள்வன். கலைச்சொல் ஒன்று பாட்டின் சொல் ஒன்றைத் திறந்துவிடும் இடம் இது.

துறைக்குறிப்பைப் பாடிய புலவரே எழுதினார் என்று கொள்ள வேண்டியதில்லை. பிற்காலத்தவர் சேர்த்தது என்பதே ஆய்வாளர் பலருடைய கருத்து. எனவே அது பழமையான வாசகர் ஒருவர் செய்த வாசிப்பு என்று மதிக்கலாம். அதனோடு மாறுபடவும் செய்யலாம்.

ஆறாம் படி: திணை

அகப்பாட்டின் உலகை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பகுத்துப் பார்ப்பது தொல்காப்பிய மரபு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் காணப்படும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் முதலியவை கருப்பொருள். மனிதருக்கிடையே நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். இவை மூன்றும் சேர்ந்த கட்டமைப்பே திணை. குறிஞ்சிக்குப் புணர்தலும், பாலைக்குப் பிரிதலும், முல்லைக்கு ஆற்றியிருத்தலும், நெய்தலுக்கு இரங்கலும், மருதத்துக்கு ஊடலும் உரிப்பொருள்கள்; அவற்றின் நிமித்தங்களும் அவற்றோடு சேரும். இம்மூன்றனுள் முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்தவை என்பது தொல்காப்பியர் தரும் வரிசை. ஐயம் வரும்போதெல்லாம் இந்த வரிசையே கைகொடுக்கும்.

நம் பாட்டுக்கு இட்ட திணை குறிஞ்சி. அட்டவணையை மனப்பாடம் செய்தவருக்கு இங்கே உடனே ஒரு சிக்கல் எழும். தினை மலைநிலத்துப் பயிர், சரி. ஆனால் நாரையும் மீனும் மருதத்துக்கோ நெய்தலுக்கோ உரியவை அல்லவா? தொல்காப்பியம் இதற்கு விடை வைத்திருக்கிறது. 'எந்நில மருங்கின் பூவும் புள்ளும்' தத்தம் நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தி வராவிட்டாலும், வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியவையாகவே கொள்ளப்படும் என்று அது கூறுகிறது. இவ்வாறு ஒரு திணைக்குரியது மற்றொன்றில் வந்து கலப்பதைத் திணைமயக்கம் என்பர். பறவைக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதை இலக்கணமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆகவே கருப்பொருளில் ஒன்றைக் கண்டவுடன் திணையை முடிவுசெய்யாமல், உரிப்பொருளைக் கேளுங்கள். கூடியதும் அக்கூட்டத்தால் விளைந்த கலக்கமுமே இப்பாட்டின் உயிர், அதனால்தான் குறிஞ்சி.

ஏழாம் படி: உவமை, உள்ளுறை, இறைச்சி

'தினைத் தாள் அன்ன சிறு பசுங் கால' என்பது உவமை. தினைத்தாள் உவமானம், நாரையின் கால் உவமேயம், 'அன்ன' உவம உருபு, சிறுமையும் பசுமையும் பொதுத்தன்மை. உவமை பிறக்கும் இடங்களாக வினை, பயன், மெய், உரு என்ற நான்கைத் தொல்காப்பியம் கூறும். செயலால் ஒத்தல், பயனால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல் என்று அவற்றை எளிமையாக்கிக்கொள்ளலாம். இங்கே வடிவும் நிறமும் ஒருசேர ஒக்கின்றன. எந்த உவமையைக் கண்டாலும் இந்த நான்கில் எது என்று கேட்டுப் பாருங்கள். உவமை அழகாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நாளடைவில் போய்விடும்.

உள்ளுறை உவமம் இதைவிட நுட்பமானது. அதில் 'அன்ன', 'போல' போன்ற உருபு இராது. உவமேயமும் வெளிப்படையாக இராது. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களைக் கொண்டு ஒரு காட்சியைப் புலவர் காட்டுவார். மாந்தருக்கிடையே நிகழ்ந்ததை அக்காட்சியோடு பொருத்திக்கொள்வது கேட்பவரின் பொறுப்பு. ஓடும் நீரில் தனக்கு வேண்டிய மீனின் மீதே கண்ணாக நிற்கும் நாரையை, தன் இன்பத்தின் மீதே கண்ணாக வந்துபோகும் தலைவனோடு பொருத்திப் படிக்க இடமுண்டு. அப்படிப் படித்தால், சாட்சியாகச் சுட்டப்படும் பறவையே குற்றம் சாட்டப்பட்டவனின் சாயலைப் பெற்றுவிடுகிறது. பொருத்த முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் பொருத்திவிடக் கூடாது என்பதும் உண்மையே. தினைத்தாளுக்கும் ஒழுகும் நீருக்கும் ஆளுக்கொரு மறைபொருள் கற்பிக்கத் தொடங்கினால் பாட்டு விடுகதையாகிவிடும்.

இறைச்சி என்பதும் கருப்பொருள் வழியாகப் பிறக்கும் குறிப்புப் பொருளே. உள்ளுறை காட்சியோடு நிகழ்ச்சி ஒன்றுக்கொன்று பொருந்தி முடிவது. இறைச்சி அப்படி முழுமையாகப் பொருந்தாமல் புறத்தே தோன்றுவது. எது உள்ளுறை, எது இறைச்சி என்பதில் உரையாசிரியர்களே ஒருமித்துப் பேசுவதில்லை. ஐம்பது பாட்டுகளாவது படித்த பிறகு இதற்குத் திரும்பி வருவது நல்லது.

எட்டாம் படி: யாப்பு

பாட்டின் ஓசைக் கட்டமைப்பைக் கூறுவது யாப்பு. எழுத்து சேர்ந்து அசையும், அசை சேர்ந்து சீரும், சீர் சேர்ந்து அடியும், அடி சேர்ந்து பாவும் ஆகின்றன. தனிக் குறிலோ தனி நெடிலோ, ஒற்றுடனோ ஒற்றின்றியோ வந்தால் நேரசை. இரண்டு குறில் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ, ஒற்றுடனோ ஒற்றின்றியோ வந்தால் நிரையசை. நேர் நேர் என்பதன் வாய்பாடு தேமா. நிரை நேர் புளிமா. நிரை நிரை கருவிளம். நேர் நிரை கூவிளம். தொடக்கத்துக்கு இந்த நான்கு போதும். ஏனெனில் ஆசிரியப்பாவில் பெரும்பாலும் இவைதாம் வரும்.

முதல் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். யா-ரு, மில்-லைத், தா-னே, கள்-வன். நான்கு சீரும் தேமா. இரண்டாம் அடி தா-னது, பொய்ப்-பின், யா-னெவன், செய்-கோ; அதாவது கூவிளம், தேமா, கூவிளம், தேமா. மூன்றாவது புளிமா, தேமா, கருவிளம், தேமா. நான்காம் அடியில் ஒழு-குநீ, ரா-ரல், பார்க்-கும் என்று மூன்று சீர்களே இருக்கின்றன. ஐந்தாவதில் மீண்டும் நான்கு. நான்கு சீர் கொண்ட அடி அளவடி; மூன்று சீர் கொண்டது சிந்தடி. ஈற்றுக்கு முந்திய அடி மட்டும் சிந்தடியாகவும், ஏனையவை அளவடியாகவும் வரும் ஆசிரியப்பாவுக்கு நேரிசை ஆசிரியப்பா என்று பெயர். 'ஞான்றே' என்று ஏகாரத்தில் முடிவதும் ஆசிரியப்பாவின் இயல்பு.

ஒரு சீர் முடியும் அசையும் அடுத்த சீர் தொடங்கும் அசையும் சந்திக்கும் முறை தளை. எழுத்துகள் ஒலியால் ஒத்து அடிகளையோ சீர்களையோ தொடுப்பது தொடை. முதலெழுத்து ஒன்றினால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. எதுகையில் முதலெழுத்துகள் குறிலுக்குக் குறிலும் நெடிலுக்கு நெடிலுமாக அளவொத்து நிற்க வேண்டும். இரண்டாம் அடியில் முதற்சீரும் மூன்றாம் சீருமான 'தானது', 'யானெவன்' ஆகியவற்றில் எதுகை அமைந்திருப்பதைச் செவியே சொல்லும். 'தான்' என்ற அவனும் 'யான்' என்ற அவளும் ஓசையால் கட்டுண்டு கிடக்கிறார்கள். பொருளால்தான் பிரிந்து நிற்கிறார்கள்.

யாப்பு எதற்குப் பயன்படும் என்றால், ஓசையை ரசிக்கவும் பாடத்தைச் சோதிக்கவும் பயன்படும். முதற்படியில் விட்டுவந்த 'களவன்' என்ற பாடத்தை இப்போது சோதித்துப் பார்க்கலாம். கள-வன் என்பது நிரை நேர், அதாவது புளிமா. அதற்கு முன்னுள்ள 'தானே' தேமா. தேமா, புளிமா ஆகிய மாச்சீரின் முன் நிரை வந்தால் இயற்சீர் வெண்டளை. இது வெண்பாவுக்குரிய தளை என்றாலும், ஆசிரியப்பாவில் கலந்து வரத் தடை இல்லை. ஆக, யாப்பு இங்கே எந்தப் பக்கமும் சாயவில்லை. பொருளைக் கொண்டுதான் முடிவுசெய்ய வேண்டும்.

ஒன்பதாம் படி: உரைகளைத் திறத்தல்

இவ்வளவும் செய்த பிறகே பிறர் எழுதிய உரையைத் திறக்கச் சொல்வேன். சொல்லுக்குச் சொல் பொருள் தருவது பதவுரை. திரண்ட கருத்தைத் தருவது பொழிப்புரை. அருஞ்சொல்லுக்கும் ஐயமுள்ள இடத்துக்கும் மட்டும் சுருக்கமாக எழுதுவது குறிப்புரை. ஒப்புமைப் பகுதிகளையும் இலக்கணத்தையும் விரித்துப் பேசுவது விளக்கவுரை அல்லது விசேடவுரை. குறுந்தொகைக்குப் பேராசிரியர் உரை எழுதினார் என்றும், அவர் எழுதாமல் விட்ட இருபது பாட்டுகளுக்கு நச்சினார்க்கினியர் எழுதினார் என்றும் மரபு கூறுகிறது. அவ்வுரைகள் நமக்குக் கிடைக்கவில்லை. இந்நூலுக்கு இன்று நாம் பயன்படுத்துவன எல்லாம் இருபதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் எழுதப்பட்டவை. இரண்டு உரைகளையாவது அருகருகே வைத்துப் படியுங்கள். அவை ஒன்றுபடும் இடத்தைவிட மாறுபடும் இடமே நமக்குப் பயன்தரும்.

இன்றைய திறனாய்வுச் சொற்கள் சிலவும் இந்த இடத்தில் குறுக்கிடும். மூலத்தைப் பனுவல் என்றோ பிரதி என்றோ சொல்வர். கூற்று என்று நாம் பார்த்ததற்கு நெருக்கமானது கதைசொல்லி என்ற சொல். ஆயினும் அது பெரும்பாலும் புனைகதைக்கே பொருந்தும். சொற்களால் ஐம்புலனுக்கும் எட்டும்படி எழுப்பப்படும் காட்சி படிமம். ஒழுகும் நீரில் நிற்கும் நாரை ஒரு படிமம். ஒரு பொருள் தன்னையும் குறித்து, தன்னைக் கடந்த ஒன்றையும் குறித்தால் அது குறியீடு. நினைப்பதற்கும் நிகழ்வதற்கும், சொல்வதற்கும் உணர்த்துவதற்கும் இடையிலுள்ள கசப்பான முரண்பாடு முரண்நகை. சாட்சி உண்டு, ஆனால் அது சாட்சி சொல்லாது என்ற நிலைக்கு முரண்நகை என்ற சொல் நன்றாகவே பொருந்துகிறது. உள்ளுறையும் குறியீடும் ஒன்றே என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். உள்ளுறை கருப்பொருளை விட்டு வெளியே போகாது என்ற கட்டுப்பாடு குறியீட்டுக்கு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பத்தாம் படி: நோக்கு

செய்யுளுக்குரிய உறுப்புகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் நோக்கு என்ற ஒன்றைக் கூறுகிறது. மாத்திரை முதல் அடி வரை பாட்டின் ஒவ்வோர் உறுப்பும் கேட்பவரை மீண்டும் நோக்கச் செய்யும்படி அமைவதை அது குறிக்கும். இவ்வளவு நேரம் சேர்த்த கருவிகளோடு பாட்டுக்குத் திரும்பி, ஒவ்வொரு சொல்லையும் பார்த்து, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

'குருகும்' என்பதில் உள்ள உம்மையை எடுத்துக்கொள்வோம். யாரும் இல்லை என்று முதலில் உறுதியாகச் சொல்லிவிட்டவள், பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவள்போல நாரையும் இருந்தது என்கிறாள். எண்ணத் தகாத எளிய ஒன்றையும் எண்ணிச் சேர்க்கும் இந்த உம்மையை இழிவுசிறப்பும்மை என்பர். ஒரு பறவையைக் கூடச் சாட்சிக் கணக்கில் சேர்க்க வேண்டிய நிலைக்கு அவள் வந்துவிட்டாள் என்பதை அந்த ஓர் எழுத்து சொல்லிவிடுகிறது. அடுத்து, 'ஆரல் பார்க்கும்' என்ற தொடர். நாரை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது பார்த்தது மீனை, இவர்களை அன்று. தினைத்தாளைக் கால்களுக்கு உவமையாகச் சொல்லும் அளவுக்கு அவள் அந்தப் பறவையை நுட்பமாக நினைவு வைத்திருக்கிறாள். அந்தப் பறவைக்கோ அவள் நினைவு இராது. பாட்டு ஏன் நாரையில் முடியாமல் 'தான் மணந்த ஞான்றே' என்று முடிகிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். மணந்த நாளைச் சொல்ல அவள் கடைசி அடியின் கடைசித் தொடர் வரை தயங்கியிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. கொண்டுகூட்டி அத்தொடரை முன்னே கொண்டுவந்தபோது பொருள் தெளிவாயிற்று. ஆனால் அந்தத் தயக்கம் காணாமற் போயிற்று. ஆகவே பொழிப்பை எழுதி முடித்ததும் மூலத்தின் வரிசைக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்த பாட்டாகக் குறுந்தொகையின் 28ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். பாடியவர் ஔவையார், 'முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்' என்று தொடங்கும் அதுவும் ஐந்தே அடிகள். பேசுபவள் தலைவியே, திணை பாலை. ஆனால் அதில் வறண்ட காடும் இல்லை, கள்ளியும் இல்லை, பருந்தும் இல்லை. அசைந்து வரும் காற்றும் உறங்கிக்கொண்டிருக்கும் ஊரும்தான் இருக்கின்றன. கருப்பொருளைத் தேடிக் கிடைக்காமல் போகும்போது ஆறாம் படியை எப்படிக் கையாள்வீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகு உரையைத் திறந்து பாருங்கள்.